நாய்க்கு அனுமதி பார் வரைக்கும்

அந்தக் குளிர்காலத்தில் நான் ஒரு சபதம் எடுத்தேன். தலையே போனாலும் பின்னறையை விட்டுக்கொடுப்பதில்லை.

பின்னறை என்றால், க்ரீஃப் ஊரில் எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அறை. பத்துக்கு எட்டு. ஒரு சின்ன அடுப்பு, ஒரு மேஜை, மலையைப் பார்த்த ஜன்னல். அங்கே உட்கார்ந்து நான், மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் ஈ போல இறகு கட்டுவேன். இருபத்தாறு வருஷமாகக் கட்டுகிறேன். இதுவரை பிடித்த மீன்களை எண்ண இரண்டு கை விரல்களே அதிகம். ஆனால் அந்த அறையில் இருக்கும்போது யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். கல்யாணமானவனுக்கு இதைவிடப் பெரிய சொத்து ஏது? அந்த அறை என்றால் எனக்கு உயிர்.

அதற்கு ஆபத்து என் மச்சினி எஃபியால் வந்தது. பக்கத்து ஊரான பெர்த்தில் தனியாக இருக்கிறாள். போன குளிர்காலத்தில் வாசற்படிப் பனியில் வழுக்கி விழுந்து, தபால்காரர் வந்து தூக்கும்வரை முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தாள். அன்றிலிருந்து என் மனைவி இஷ்பெல் ஆரம்பித்துவிட்டாள்.

"எஃபி தனியா இருக்கா."

"ஆமாம்."

"நம்ம வீட்ல இடமா இல்ல?"

மனைவி "இடம்" என்றால் எந்த இடம் என்று புருஷனுக்குத் தெரியாதா? நான் உடனே எழுந்து நாயை உலாத்தக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஒரு வருஷத்தில் எங்கள் பார்லி நடந்த நடையில் அது பாதியாக இளைத்துவிட்டது.

எஃபி கெட்டவள் இல்லை. அவள் விழுந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவள் இருபத்திரண்டு வருஷம் சர்ச் பெண்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தவள். எதையும் எழுதி வைப்பாள். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பீரோவைத் திறந்து விஸ்கி ஊற்றுகிறேன் என்பதை எழுதி வைக்க ஒரு ஆள் வீட்டிலேயே இருப்பது எனக்குச் சரிப்படாது.

இஷ்பெலிடம் நேராகவே "முடியாது" என்று சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். ஒருமுறை சொல்லியிருக்கிறேன். 1994-ல். அதற்கு மேல் கேட்காதீர்கள். அப்போதிருந்து என் கொள்கை, பேச்சே எழாமல் பார்த்துக்கொள்வது.

இப்படி இருக்கும்போதுதான் இஷ்பெல் ஒரு நாள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "ஜனவரியில மூணு ராத்திரி வடக்க ஒரு சுத்து போயிட்டு வருவோம். நீங்க, நான், எஃபி."

"ஜனவரியிலயா? பனி கொட்டுமேடி!"

"கொட்டட்டும். கூட்டம் இருக்காது. நிம்மதியா உக்காந்து பேசலாம்."

பேசலாம்! நான் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தேன். பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். காரில் ஆபத்தில்லை. வளைவுச் சாலையில் வாயைத் திறந்தால் எஃபிக்குக் குமட்டும். இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். இஷ்பெல் எதிரே வண்டி வருகிறதா, ஒதுங்க இடம் எங்கே என்று பார்த்துக்கொண்டு வருவாள். படுக்கையிலும் ஆபத்தில்லை. தலையணையில் தலை பட்டதும் அவள் தூங்கிவிடுவாள். மிச்சம் இருப்பது ராத்திரிச் சாப்பாடு ஒன்றுதான். இரண்டு மணி நேரம், மூன்று சுற்றுப் பரிமாறல், அக்கா தங்கை இரண்டு பேர், நடுவில் நான்.

மறுநாள் சமையலறை மேஜையில் ஒரு காகிதம் கிடந்தது. இஷ்பெல் கையெழுத்து. மூன்று விடுதிகளின் பெயர், போன் நம்பர். ஒவ்வொன்றுக்கும் எதிரே, "நாய் பார் வரைக்கும்தான். சாப்பாட்டு அறைக்குள் விட மாட்டார்கள்."

நான் இரண்டு தடவை படித்தேன். மனசெல்லாம் குளிர்ந்தது. கடவுள் ஒருவர் இருக்கிறார், அவர் நாய் வளர்க்கிறார் என்று தோன்றியது.

"இஷ்பெல், பார்லியையும் கூட்டிட்டுப் போவோம்" என்றேன்.

"நாயா? இந்தக் குளிர்லயா?"

"பாவம்டி. வாயில்லா ஜீவன். அதுக்கும் ஊர் பாக்கணும்னு இருக்காதா?"

"சாப்பாட்டு ரூமுக்குள்ள விட மாட்டாங்களே. யாராவது ஒருத்தர் அதோட பார்ல உக்காரணுமே."

"நான் உக்காந்துக்கறேன்" என்று தியாகக் குரலில் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாச் சாப்பிடுங்க."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் ராத்திரி கில்லின். விடுதிக்காரர் தாடி வைத்த பெரிய ஆள். உறுதிப்படுத்திக்கொள்ளலாமே என்று கேட்டேன். "நாய் சாப்பாட்டு அறைக்குள்ள வரக்கூடாது, இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற இஷ்பெலைப் பார்த்தார். "கூடவே கூடாதுங்க. ரொம்பக் கண்டிப்பு" என்றார்.

ஆஹா! அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. கணப்பில் கட்டை எரிகிறது. காலடியில் பார்லி. கையில் விஸ்கி. மடியில் மான்கறிக் குழம்பு ஒரு கிண்ணம். மான் வேட்டைக்கு வழிகாட்டும் இரண்டு பேர் என்னை டாமினோ ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

"வீட்டம்மா எங்கண்ணே?" என்று ஒருவன் கேட்டான்.

"உள்ள. நாய்க்காக நான் இங்க."

"நாய்னா இப்படி இருக்கணும்" என்று அவன் பார்லிக்கு ஒரு சாசேஜ் வாங்கிக் கொடுத்தான்.

நடுவில் ஒருமுறை கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அந்தப் பெரிய அறையில் அக்காவும் தங்கையும் மட்டும், கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு. எஃபி ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். யாருக்கோ கடிதம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் முழுக்க ஆலங்கட்டி மழை. ஒரு வண்டி மட்டுமே போகும் குறுகிய சாலையில் ஆடுகள் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்றன. இஷ்பெல் இறங்கிப் போய் அவற்றிடம் ஏதோ சொன்னாள். உடனே எழுந்து போய்விட்டன. எனக்கு அந்த ஆடுகளின் நிலை நன்றாகப் புரிந்தது. எஃபி பின்சீட்டில் மிட்டாயோடு கண்ணை மூடியே வந்தாள். லெயர்க் போய்ச் சேர்ந்தபோது ஒரு பேச்சும் எழவில்லை.

ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இஷ்பெல் ஒரு குண்டைப் போட்டாள்.

"நேத்து நீங்க தனியா உக்காந்தீங்க. இன்னிக்கு நான் பார்லியப் பாத்துக்கறேன். நீங்க போயி எஃபியோட சாப்பிடுங்க."

"வேண்டாம் வேண்டாம்! அது உன்கிட்ட அடங்காது."

"எங்கிட்டயா? எங்கிட்ட அடங்காதது எது?"

அது நியாயமான கேள்விதான். ஆனாலும் விடவில்லை. "அதுக்கு நேத்துலேர்ந்து வயிறு சரியில்ல. எப்ப என்ன பண்ணும்னு சொல்ல முடியாது. நீ புதுப் பாவாடை வேற கட்டியிருக்க."

"அப்ப சரி" என்று உடனே ஒத்துக்கொண்டாள். நாலடி போய்த் திரும்பினாள். "நம்ம ஆசாரி முர்டோ நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கே. எதுக்கு?"

"ஒரு கதவு இழுத்துப் பிடிக்குது."

தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் நம்பரோடு அவன் எந்த நேரம் வீட்டில் இருப்பான் என்பதையும் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு அந்த பாரில் இருந்தவர்களோடு டாமினோ ஆடி நான் நாலு ஆட்டம் ஜெயித்தேன்.

மூன்றாம் ராத்திரி டர்னஸ். அதற்கு வடக்கே கடல்தான். காற்று அடித்த அடியில் விடுதியின் பெயர்ப்பலகை பறந்துவிடும் போலிருந்தது. இந்த ஒரு ராத்திரி கடந்தால் போதும், நாளைக்கு வீடு, என் அறை, என் அடுப்பு. அந்த நினைப்பிலேயே பாரில் போய் உட்கார்ந்தேன்.

அங்கே கணப்பு இல்லை. ஒரு மின்சார ஹீட்டர் இருந்தது. அது என்னைவிட வயதானது. என்னையும் பார்லியையும் தவிர ஆளும் இல்லை. மீன் சூப் வந்தது. நான் கரண்டியை எடுப்பதற்குள் ஆறியது. பார்லி என்னைப் பார்த்தது. ஹீட்டரைப் பார்த்தது. எழுந்து நேராகச் சாப்பாட்டு அறைக் கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"டேய் பார்லி! வாடா! வெளியே தள்ளிடுவாங்கடா!" என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே பெரிய கணப்பு திகுதிகு என்று எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் நாய் நாலு காலையும் நீட்டிப் படுத்தாயிற்று. விடுதிக்கார அம்மாள் அதன் காதைச் சொறிந்துகொண்டிருந்தாள். மேஜையில் அக்கா, தங்கை, நடுவில் எஃபியின் நீல நோட்டு.

"வாங்க அத்தான்" என்றாள் எஃபி. "நல்ல நேரத்துல வந்தீங்க. வாசிக்கட்டுமா?"

"எதை?"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "முதல் கூட்டம், கில்லின். வந்திருந்தோர்: இஷ்பெல், எஃபி. வர இயலாதவர்: ஆர்ச்சி, நாயின் காரணமாக. தீர்மானம்: பின்னறையை எஃபிக்கு ஒதுக்குவது. எதிர்ப்பு இல்லை. ஏகமனதாக நிறைவேறியது."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"இரண்டாம் கூட்டம், லெயர்க். வர இயலாதவர்: ஆர்ச்சி, நாயின் வயிறு காரணமாக. திரைச்சீலை வெளிர்பச்சை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் ஆசாரி முர்டோவிடம் போனில் பேசியாயிற்று. திங்கட்கிழமை வருகிறார்."

"இஷ்பெல்!" என்று கத்தினேன். "என்னக் கேக்காம எப்படி?"

"உங்களக் கேக்கத்தான் கூட்டம் போட்டோம். நீங்கதான் வரல" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "ஐஸ்ல கல்லு தள்ளி வெளையாடற உங்க கர்லிங் சங்கத்துல என்ன விதி? கூட்டத்துக்கு வராதவன் அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது. யாரு போட்ட விதி?"

நான் போட்ட விதி. அதைச் சொல்லி எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன்! அத்தனை பேரும் இப்போது எங்கோ உட்கார்ந்து சிரிப்பதுபோல் இருந்தது.

"என் தூண்டில் சாமானெல்லாம் எங்க போகும்?"

"தோட்டத்துக் கொட்டகைக்கு, அத்தான். அது மூன்றாம் கூட்டத்துல வருது" என்றாள் எஃபி. பிறகு நோட்டை மூடிவிட்டுச் சின்னக் குரலில் சொன்னாள். "உங்களுக்கு மனசில்லன்னா வேண்டாம் அத்தான். நெஜமாத்தான் சொல்றேன். அந்த வாசப்படியில எறங்கவே எனக்குப் பயமா இருக்கு. அதான்."

என் மனசு பாதி இளகிவிட்டது. ஆனால் மீதிப் பாதிக்கு ஒரு சட்டப் பாயிண்ட் கிடைத்தது. நெஞ்சை நிமிர்த்தினேன்.

"கூட்டமே செல்லாது! நான் வேணும்னு வராம இருக்கல. நாயை உள்ள விடக் கூடாதுன்னு விடுதில விதி. அதனால வரல. என்னைத் தடுத்தது விதி! என்னம்மா, சொல்லுங்க, உங்க விதிதானே?"

விடுதிக்கார அம்மாள் விழித்தாள். "எங்க விதியா? ஜனவரியில இங்க வர்றதே நாலு பேரு. நாய் எங்க படுத்தா யாருக்கு என்ன? என்னோட ரெண்டு நாயும் தெனம் இங்கதான் கெடக்கும். உங்க வீட்டம்மாதான் நவம்பர்லயே போன் பண்ணி, வீட்டுக்காரர் கேட்டா நாய் பார் வரைக்கும்தான்னு சொல்லிடுங்க, மத்த ரெண்டு விடுதியிலயும் சொல்லிட்டேன்னு சொன்னாங்க." அப்புறம்தான் அவளுக்கு ஏதோ தோன்றி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் இஷ்பெலைப் பார்த்தேன். அவள் துணியில் கட்டி வேகவைத்த பழப் புட்டை எனக்காக ஒரு பெரிய துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். மேலே கஸ்டர்டை ஊற்றினாள். நான் பேச வாயைத் திறந்தேன். அந்த வாயிலேயே முதல் கரண்டியை வைத்தாள்.

"சூடா இருக்கு. மென்னு சாப்பிடுங்க."

எஃபி நோட்டைத் திறந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். "மூன்றாம் கூட்டம், டர்னஸ். ஆர்ச்சி தாமதமாக வந்து சேர்ந்தார்" என்று சொல்லிக்கொண்டே எழுதி, என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தான், ஏதாவது எதிர்ப்பு இருக்கா?"

நான் மென்றுகொண்டிருந்தேன். அவள் முறைப்படி ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு, "எதிர்ப்பு இல்லை" என்று எழுதினாள்.