பென்டிரைவ் பாய் மூன்று முறை கேட்பார்

திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்தும் ஒரு முறைகூட கிரிவலம் போகாதவர்கள் உண்டு. ஆனால் பென்டிரைவ் பாயிடம் மாட்டி, லினக்ஸ் பற்றி ஒரு மணி நேரம் கேட்காமல் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. சார்ஜர் வாங்கப் போனவர், ஆதார் நகல் எடுக்கப் போனவர், வெயிலுக்குக் கடை ஓரமாக ஒதுங்கியவர் எல்லோருக்கும் ஒரே கதிதான்.

செங்கம் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அவர் உள்ளே உட்கார்ந்தால் நாம் வெளியேதான் நிற்க வேண்டும். மேஜை மேல் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் பதினோரு பென்டிரைவ்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல். பச்சை நூல் மின்ட், ஆரஞ்சு உபுண்டு, சிவப்பு டெபியன் என்று ஒவ்வொன்றும் ஒரு வகை லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் இலவசமாகப் போட்டுக்கொள்வது. அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தோன்றவும் இல்லை.

எதைப் போடலாம் என்று யாராவது அவரிடம் கேட்டுவிட்டால் போச்சு. பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி விசாரணையை ஆரம்பிப்பார்.

"கோவம் வருமா சார் உங்களுக்கு?"

"எப்பவாவது."

"கம்மியாவா, ஜாஸ்தியாவா?"

"ஜாஸ்திதான் பாய்."

"அப்ப டெபியன் வேணாம். மின்ட் போட்டுக்குங்க."

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து, "ஆர்ச் போடணும்" என்றார். அது எல்லாவற்றையும் நாமே கையால் கட்டிக்கொள்ள வேண்டிய ரகம். பாய் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "இவருக்கு ஊர்ல வேற வேலையே இல்லையா சார்?" என்றார்.

ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்தவர், தான் மட்டும் எதிலும் நிலைக்கவில்லை. வாரத்துக்கு ஒன்றாகக் கடைக் கம்ப்யூட்டரில் மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கப் போனால், "இன்னிக்கு முடியாது சார். புதுசு போட்டிருக்கேன், பிரிண்டர் இன்னும் சம்மதிக்கல" என்பார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பிழைத்ததே இவரால்தான்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு பழைய லேப்டாப் இருந்தது. நான் கட்டுரை எழுதுவதும் அதில்தான், என் மனைவி கலைவாணி ஆராய்ச்சி எழுதுவதும் அதில்தான். அவள் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. நிலக்கடலை விவசாயிகள் பேச்சில் வழங்கும் சொற்களைப் பற்றி நான்கு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். அவளுடைய டைப்பிங் பழக்கத்துக்கு விண்டோஸ்தான் வேண்டும். எனக்கோ அந்த விண்டோஸ் மெதுவாகத் திறப்பதற்குள் எழுத வந்ததே மறந்துவிடும்.

"ரெண்டையும் வெச்சுக்கலாம் சார்" என்றார் பாய். "ஒரே வீடு, ரெண்டு குடித்தனம். நடுவுல ஒரு சுவரு. ஆன் பண்ணா யாரு வேணும்னு அதுவே கேக்கும். அவங்களுக்கு அது, உங்களுக்கு இது."

பாயிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, வேலையைத் தொடங்கும் முன் பேக்கப் எடுத்தாயிற்றா என்று மூன்று முறை கேட்பார். "நிக்காவுல பொண்ணுகிட்ட மூணு தடவ கேப்பாங்க இல்ல சார்? அது மாதிரி. அப்புறம் யாரும் மாத்திப் பேசக் கூடாது." இரண்டாவது, கடைசி பட்டனைச் சொந்தக்காரர்தான் அழுத்த வேண்டும். உங்க பொட்டி, உங்க கை என்பார்.

"பேக்கப் எடுத்தாச்சா?"

"ஆச்சு."

"எடுத்தாச்சா?"

"ஆச்சு பாய்."

"நெஜமாலுமே எடுத்தாச்சா?"

"ஆச்சுன்னு சொல்றேன் இல்ல!"

மூன்றும் பச்சைப் பொய். பேக்கப் எடுப்பதற்காகக் கலைவாணி கொடுத்த பென்டிரைவில் நான் பாட்டு ஏற்றி வைத்திருந்தேன்.

அன்றைக்குப் பௌர்ணமி. கூட்டத்துக்காகப் போலீஸ்காரர்கள் ரோட்டில் தடுப்பு வைத்துக்கொண்டு வந்தார்கள். பாயின் ஸ்கூட்டரை ஒருவர் நகர்த்தப் போக, "சார் சார், ஹேண்டில் லாக் போட்டிருக்கு!" என்று பாய் ஓடினார். போகும்போதே என்னிடம், "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றார்.

திரையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பழையதற்குப் பக்கத்திலேயே புதியதை வைப்பது. அதை அழுத்தினால் யாருக்கு எவ்வளவு இடம், சுவர் எங்கே என்று கேள்விகள். காலையிலிருந்து பாயின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அலுத்திருந்தேன். இன்னொன்று, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடுவது. அது கேள்வியே கேட்கவில்லை. பாதி படித்தேன், அழுத்திவிட்டேன்.

பாய் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து பேட்டரியைப் பிடுங்கினார்.

"பேக்கப்பைக் கொண்டாங்க சார்."

நான் தலையைக் குனிந்தேன். முதல் இரண்டு அத்தியாயம் அவளுடைய பேராசிரியரிடம் இருந்தது. மற்றதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான்.

வீட்டில் "சர்வீஸ்ல இருக்கு" என்று சமாளித்தேன். பாய் மூன்று நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். அழிந்ததை ஏதோ ஒரு மென்பொருள் வைத்துத் துருவி எடுத்தார். கோப்புகள் வந்தன, ஆனால் பெயரில்லாமல், வெறும் நம்பரோடு, நூற்றுக்கணக்கில் வந்தன. எது எந்த அத்தியாயம், எது புதுசு, எது பழசு என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். பாய் உட்கார்ந்து அத்தனையையும் படித்தார்.

நான்காம் நாள் கலைவாணியே என்னோடு கிளம்பிவிட்டாள். கடை வாசலில் நான் வாயைத் திறப்பதற்குள் பாய் எழுந்து நின்றார்.

"என் கை தவறிடுச்சும்மா. சார் குடுத்த பேக்கப்பும் சேத்து எல்லாம் அழிஞ்சிடுச்சு. திரும்ப எடுத்து வரிசைப்படுத்தி வெச்சிருக்கேன், பாருங்க."

கலைவாணி வகுப்பில் கத்திப் பழகிய குரலில் ஆரம்பித்தாள். "நாலு வருஷ உழைப்புங்க! தொழில் தெரியலன்னா எதுக்குக் கடை வெச்சிருக்கீங்க?" நான் பாயின் ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். அவள் மூச்சு வாங்கியபோது மெதுவாக, "நாலாம் அத்தியாயத்துல ஒரே பாரா ரெண்டு எடத்துல வருதும்மா. ஒண்ண எடுத்துடுங்க" என்றார்.

மறுநாள் தனியாகப் போய்க் கேட்டேன். "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"எனக்குன்னா அரை மணி நேரத் திட்டு. உங்களுக்குன்னா ஆயுசுக்கும் போகும். வுடுங்க சார்."

கலைவாணி முனைவர் ஆகிவிட்டாள். ஆனால் பள்ளியில் எல்லோரிடமும், "அந்த பாய் கடைக்கு மட்டும் போயிடாதீங்க" என்று சொல்லி வைத்தாள். அதற்குப் பிறகு கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு லேப்டாப்கூட அவர் கடைப் படி ஏறவில்லை. பாய் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கோழைத்தனமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கலை, என் கட்டுரை வந்தால் நீதான் முதலில் படிக்கிறாய். அன்றைக்கு அந்தப் பட்டனை அழுத்தியது நான். பேக்கப் எடுக்காததும் நான். நாளைக்கு செங்கம் ரோட்டுக்குப் போகலாம். நீ என்னை அங்கேயே நிற்க வைத்துத் திட்டு, பாய் கேட்கட்டும். அவ்வளவு நல்ல மனுஷன் மேல் என் வீட்டில் ஒருத்தி கோபமாக இருப்பதை என்னால் இனிமேல் தாங்க முடியாது.