புரட்டாசியில் மணந்த கட்டி

கட்டி யாருக்கும் வரலாம். எனக்கு வந்தது உட்காரும் இடத்தில். கூச்சப்படுகிறவனுக்கு அங்கே கட்டி வந்தால், அதற்கு வைத்தியனும் அவனேதான்.

சின்னாளபட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அங்கே ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருநாள் கிருமி வளர்த்த தட்டைக் காட்டினாள்.

"பாருங்கண்ணே, ஆன்டிபயாடிக் மட்டும் வச்ச எடத்துல கிருமி செத்து சின்ன வட்டம். கிராம்பு எண்ணெயும் சேத்து வச்ச எடத்துல எம்புட்டுப் பெரிய வட்டம்."

மனுசனுக்குப் போடுவதற்கு முன் இன்னும் எவ்வளவோ பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். (அதற்குள் நான் என் கட்டியைச் சுற்றி மனசுக்குள் வட்டம் போட்டுவிட்டேன்.)

சனிக்கிழமை காலையில் நாட்டு மருந்துக் கடையில் கிராம்பு எண்ணெய் வாங்கினேன். பலம் போதாதோ என்று பட்டை எண்ணெயும் வாங்கினேன். மனைவியின் பல்வலிக்குக் கொடுத்ததில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கலந்து தாராளமாகப் பூசினேன். கொஞ்ச நேரத்தில் கிருமியோடு நானும் போய்விடுவேன் என்று தெரிந்தது. கழுவிப் பார்த்தேன். எரிச்சலும் போகவில்லை, வாசனையும் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து, என் மகளைத் தங்கள் மகனுக்குக் கேட்டிருந்தவர்கள் பெருமாள் கோயிலுக்கு வந்த கையோடு வீட்டு வாசலில் நின்றார்கள். புரட்டாசிச் சனி. அந்த மாதம் அவர்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட எடுக்க மாட்டார்கள். நாங்களும் அப்படித்தான் என்று நம்பித்தான் பெண் கேட்டிருந்தார்கள்.

"நீங்களும் உக்காருங்க" என்றார் பையனின் அப்பா.

"இல்லைங்க, நிக்கிறேன்."

என் கண்ணில் நீர் வழிந்தது. "பொண்ண அனுப்புற நெனப்பு" என்று அவர் தன் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நான் பாசமுள்ள தகப்பன். மின்விசிறியைப் போட்டதும் நான்தான்.

அந்த அம்மா மூக்கை உறிஞ்சினார். "பிரியாணி வாசம் வருதே."

"எங்க வீட்ல இன்னைக்கு சாம்பாருதான்" என்றாள் என் மனைவி.

"திண்டுக்கல்லுல பொறந்தவளுக்குப் பிரியாணி வாசம் தெரியாதாக்கும்?"

அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தார். சாம்பார்தான். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். மறுபடி பிரியாணி.

பையனின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "விரதத்துல தின்னதுகூடப் பரவாயில்ல. பொய் சொல்ற வீட்ல சம்பந்தம் வேணாம்."

இரண்டு குப்பிகளையும் கையில் பிடித்தபடி மகள்தான் வந்தாள்.

"எங்கப்பா நாலஞ்சு நாளா உக்காரல. அங்க கட்டி. இதுகளோட மாத்திரையக் கலந்து பூசியிருக்காரு. சந்தேகமா இருந்தா மோந்து பாத்துக்கங்க."

யாரும் முன்வரவில்லை. பையனின் அப்பா மறுபடி மெதுவாக, ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கொணமாச்சா?" என்றார். "எனக்கும் அங்க ஒண்ணு இருக்கு."

"இல்லைங்க. தோலுதான் உரிஞ்சிருச்சு" என்றேன். அன்று நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு இருவருமாகவே போனோம். கட்டிக்கு ஒரு மருந்து, வெந்த தோலுக்கு ஒரு மருந்து என்று டாக்டர் எனக்குத் தனித்தனியாக எழுதினார். சேர்த்துப் போடலாமா என்று நான் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. இப்போதும் புரட்டாசியில் மகளைப் பார்க்கப் போனால் வாசலிலேயே சம்பந்தி கையைக் காட்டுவார்.

"செத்த தள்ளி நில்லுங்க சம்பந்தி. நான் வெரதம்."

நானும் தள்ளித்தான் நிற்கிறேன்.