சண்டை முடிந்தால்தான் சாமான் கட்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூட்டை கட்டும் விஷயத்தில் என்னைவிடப் பெரிய முட்டாளைத் திருவனந்தபுரம் அதுவரை பார்த்ததில்லை. வீடு மாற்றுவதென்று தீர்மானித்ததும், இதற்கெல்லாம் ஆள் எதற்கு, நமக்கு இல்லாத கையா என்று என் வேட்டி சட்டைகளை நானே ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன். நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அந்த இடத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல மேஜைமேல் ஒரு மைப் புட்டி இருந்தது. அதையும் வைத்தேன். மூடி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பெட்டியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கியும் பார்த்தேன். மறுநாள் ஆபீசுக்கு நான் போட்டுக்கொண்டு போன சட்டையின் முதுகில் ஒரு நீலத் தீவு இருந்தது. பக்கத்து மேஜை குமாஸ்தா அதை இலங்கை என்றார். எதிர் மேஜைக்காரர் ஆஸ்திரேலியா என்று சாதித்தார். பூகோளத்தில் ஒத்துப்போகாத அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். "பேசாமல் சண்டை அண்ணாச்சியைக் கூப்பிடும்" என்றார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருவனந்தபுரத்தில் வீடு மாற்றிய உத்தியோகஸ்தர்களில், சண்டை அண்ணாச்சியின் முன்னால் பெண்டாட்டியோடு சண்டை போடாதவர் ஒருவர்கூடக் கிடையாது. ஊரில் எந்தக் கோர்ட்டுக்கும் அத்தனை குடும்பங்களின் அந்தரங்கம் தெரிந்திருக்காது. இத்தனைக்கும் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தலைக்கட்டும் வெற்றிலைச் செல்லமுமாக, பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி நடந்து வருவார்.

அவருக்கு ஆரியசாலையில் ஒரு கொட்டகை இருந்தது. உள்ளே கூரை வரை வைக்கோலும் சாக்கும் தேங்காய் நார்க் கயிறும். பொன்முடித் தோட்டத்திலிருந்து வந்து காலியான தேயிலைப் பெட்டிகள் ஒரு பக்கம். வெளியே பாரவண்டிகளும் காளைகளும், சுவரில் சாய்ந்தபடி சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் நாலைந்து பேரும். தோட்டத்துத் துரைமார் மாற்றலாகிப் போகும்போது அவர்களுடைய பீங்கானையெல்லாம் கட்டிக் கொடுத்துத் தொழில் படித்தவர். அரிக்கேன் விளக்குச் சிம்னியை வைக்கோல் சுற்றி, மெத்தைக்குள் உருட்டிக் கட்டி, மேடும் பள்ளமுமான ரோட்டில் கோட்டயம் வரைக்கும் வண்டியில் அனுப்புவார். அங்கே போய்ப் பிரித்தால் அதன்மேல் இங்கே ஒட்டிய கரிகூட அழியாமல் இருக்கும் என்று சொல்வார்கள்.

ஆனால் அவர் தொழிலில் ஒரு நிபந்தனை உண்டு. வீட்டுக்குள் வந்ததும் ஒரு காலித் தேயிலைப் பெட்டியை நடுக்கூடத்தில் வைப்பார். புருஷன் பெண்டாட்டி இருவரையும் பார்ப்பார். "சண்டை போட்டாச்சா?" என்று கேட்பார். ஆகவில்லை என்றால் அவர் கை வைக்கோலைத் தொடாது.

காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விளக்கம் இது. வீடு மாற்றும்போது சண்டை வராத குடும்பம் உலகத்தில் இல்லை. அதை முதலிலேயே போட்டுத் தீர்த்துவிட்டால் நல்லது. மனசுக்குள்ளே வைத்துக்கொண்டே சாமான் கட்டினால், கட்டின பெட்டியை அவிழ்க்கச் சொல்வாள் அவள். கூடாது என்பான் அவன். இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஊறுகாய்ப் பரணியை உடைப்பார்கள். கடைசியில், வண்டிக்காரன் உடைத்துவிட்டான் என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாகிவிடுவார்கள்.

ஒரு ஹெட்மாஸ்டர் வீட்டில் கட்டிலை முன்னிட்டுச் சண்டை. அது அந்த அம்மாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. திரும்பிப் படுத்தால் கட்டில் முனகுகிறது, விட்டுவிட்டுப் போகலாம் என்றார் ஹெட்மாஸ்டர். கட்டில் முனகவில்லை, நீங்கள்தான் முனகுகிறீர்கள் என்றாள் அந்த அம்மாள். சண்டை முடியட்டும் என்று அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்தார். அது முடிவதற்குள் சாமான் கட்டக் கொண்டுவந்த வைக்கோல் முழுவதையும் காளைகள் தின்றுவிட்டன. ஆரியசாலைக்குத் திரும்பிப் போய் வேறு வைக்கோல் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு வீட்டில் ஒரு வக்கீல். அவர் எழுந்து நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தம் தரப்பை வெகுநேரம் எடுத்துச் சொன்னார். மனைவி வாயே திறக்கவில்லை. வக்கீல் அண்ணாச்சியைப் பார்த்து, ஆயிற்று, இனிக் கட்டலாம் என்றார். "ஒரு ஆள் மட்டும் பேசினா அது சண்டையில்லே சாரே, பிரசங்கம்" என்றார் அண்ணாச்சி. அப்போது அந்த அம்மாள் மெல்ல, "முடிஞ்சுதா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாளாம். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் போல வேகமாக எந்த வீட்டிலும் சாமான் ஏறியதில்லை என்று சுமட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூப்பிடப் போனேன். எனக்கு ஏன் பயம்? எனக்கும் பகவதிக்கும் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு சண்டை வந்ததில்லை. நான் எது சொன்னாலும் அவள் சரி என்பாள், அல்லது சும்மா இருப்பாள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் குடியிருந்தது ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். வடக்கு வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். நான் பார்த்துவைத்த புது வீடு சாஸ்தமங்கலத்தில். அந்தக் காலத்துச் சாஸ்தமங்கலம் என்றால் மரம் பாதி, மனிதர் பாதி. சுற்றிலும் தோட்டம், முன்னால் கேட்டு, கூப்பிடு தூரத்துக்கு அக்கம்பக்கம் கிடையாது. பகவதி முழுகாமல் இருந்தாள். அதனால் அவளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு அந்த ரோட்டில்தான் குடியிருந்தார். தினமும் காலையில் அவரோடு சேர்ந்து ஆபீசுக்கு நடந்தால், அவர் குடையை நான் வாங்கிப் பிடித்தால், வழியில் ஏதாவது ஒரு வளைவில் எனக்குப் பிரமோஷன் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

குறித்த நாளில் வண்டிகள் வந்தன. தேயிலைப் பெட்டி நடுக்கூடத்துக்கு வந்தது. பகவதி தூண் பக்கம் நின்றாள்.

"சண்டை போட்டாச்சா சாரே?"

எங்களுக்குள் அந்த வழக்கமே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். நோயை மறைக்கிற நோயாளியை வைத்தியர் பார்ப்பது மாதிரி அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு பகவதியைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, முதல் சாமானை அவள் கையால் எடுத்துப் பெட்டியில் வைக்கச் சொன்னார். அவள் நகரவில்லை. கூச்சப்படுகிறாள் என்றேன்.

"கூச்சமில்லே. சண்டை கெடக்கு" என்று சொல்லிவிட்டு, சுமட்டுக்காரர்களுக்குக் கை காட்டினார். அவர்கள் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார்கள். வாசலில் காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. அவற்றில் ஒன்று வைக்கோலைப் பார்க்கத் தொடங்கியது.

எனக்கு ஹெட்மாஸ்டர் ஞாபகம் வந்தது. பகவதியை அடுக்களைக்குக் கூப்பிட்டுப் போய், இந்த மனுஷனைத் திருப்தி செய்ய நாம் கொஞ்சம் பொய்ச் சண்டை போட்டுவிடலாம் என்றேன். கூடத்துக்கு வந்து நானே ஆரம்பித்தேன். நேற்று வைத்த சாம்பாரில் உப்பு இருந்ததா என்று கர்ஜித்தேன். பகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "நாடகம் மோசம் சாரே" என்றார். சுமட்டுக்காரர்களில் ஒருவர், சாம்பார் சண்டையெல்லாம் மாற்றல் வீட்டில் எடுபடாது, வேறு ஏதாவது போடச் சொல்லுங்கள் என்று யோசனை சொன்னார்.

நான் மறுபடியும் பகவதியை அடுக்களைக்குக் கூட்டிப் போனேன். சிரிக்காதே, கோபமாக ஏதாவது சொல் என்றேன். என்ன சொல்ல என்று கேட்டாள். இதுவா பிரமாதம் என்று நானே அவளுக்கு வசனம் எழுதிக் கொடுத்தேன். இதைவிட அபத்தமான புகாரை யாரும் கற்பனை செய்ய முடியாது என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அவள் கூடத்துக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன்.

"என்னைக் கேட்டா வீடு பாத்தீய?" என்றாள்.

பிரமாதமாகச் சொல்லிவிட்டாள். நான் அண்ணாச்சியின் பக்கம் திரும்பி, இப்போது எப்படி என்பது போலப் பார்த்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. பகவதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டீயளா? நல்ல காத்து, நல்ல காத்துன்னு ஊருபூரா சொல்லுதீய. நான் காத்து கேட்டனா? எனக்கு அம்மை இல்லே. பேறுகாலத்துக்குப் போய்ப் படுக்க ஒரு வீடு இல்லே. வடக்கு வீட்டு அக்கா சொல்லியிருக்கா, வலி வந்தா சுவத்திலே தட்டுட்டி, நான் வந்திருதேன்னு. அந்தத் தைரியத்திலேதான் இத்தனை நாளும் உறங்குதேன். சாஸ்தமங்கலத்திலே நான் எந்தச் சுவத்தைத் தட்ட? அங்கே தட்டுனா நரிதான் வரும்."

இது நான் எழுதிக் கொடுத்த வசனத்தில் இல்லை.

அண்ணாச்சி மெதுவாக எழுந்தார். சுமட்டுக்காரர்களும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார்கள், கோர்ட்டில் ஜட்ஜி வந்ததும் எழுந்திருப்பது போல. சாரின் பதில் என்ன என்று அண்ணாச்சி கேட்டார்.

என் பதில் காற்று. அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆகவே உள்ளதைச் சொன்னேன். சூப்பிரண்டைச் சொன்னேன், காலை நடையைச் சொன்னேன். குடையைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "பேறு பாக்கச் சூப்பிரண்டு வருவாரா சாரே?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வடக்கு வீட்டு அக்கா முதல் வரியிலிருந்தே காதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பகவதி அழவில்லை. மூச்சு வாங்க, தூணைப் பிடித்தபடி நின்றாள். நான் அவளருகே போய், நாம் எங்கும் போக வேண்டாம் என்றேன். சும்மா சொல்லுகிறீர்களா என்று கேட்டாள். சும்மா இல்லை என்றேன். சூப்பிரண்டு விஷயம் என்ன என்று கேட்டாள். அவர் குடையை அவரே பிடிக்கட்டும் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வீரமான வாக்கியம் அது ஒன்றுதான். அதையும் சூப்பிரண்டு கேட்கவில்லை என்பது நிச்சயமாகத் தெரிந்த பிறகே சொன்னேன்.

அன்றைய பிழைப்பு போயிற்றே என்று அண்ணாச்சிக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகத்தில் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்புகிற களை. வண்டிகள் காலியாகவே திரும்பின. வைக்கோலைக் காளைகளுக்கே போடச் சொல்லிவிட்டார். போகும்போது சுமட்டுக்காரர்கள் பகவதியின் பேச்சைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள். நரி விஷயம் நன்றாக விழுந்தது என்பது அவர்கள் அபிப்பிராயம். சாம்பாரைப் பற்றி நல்லதாக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தை பிறப்பதற்கு முன்பே சூப்பிரண்டு கோட்டயத்துக்கு மாற்றலாகிவிட்டார். சாமான் கட்டப் போனவர் அண்ணாச்சிதான். அங்கே நடந்த சண்டையைப் பற்றி அண்ணாச்சி ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. ஆனால் மறுநாள் பொறுப்பை ஒப்படைக்கச் சூப்பிரண்டு ஆபீசுக்கு வந்தபோது மிகவும் சாந்தமாக இருந்தார். நான் நீட்டிய பைலில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட்டார். எல்லா அதிகாரிகளையும் மாதம் ஒருமுறை வீடு மாற்றச் சொன்னால் சர்க்கார் காரியம் எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு மத்தியானம் பகவதி சுவரைத் தட்டினாள். நான் ஆபீசிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தபோது எல்லாம் நல்லபடியாக முடிந்து, வடக்கு வீட்டு அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. பிறந்ததும் அது போட்ட சத்தத்தில், தன் தரப்பை எடுத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

விஷயம் ஆரியசாலைக்கு எப்படிப் போயிற்றோ தெரியாது. தொட்டில் போடுகிற நாளில், நாங்கள் சொல்லி அனுப்பாமலே அண்ணாச்சி வந்து நின்றார். கையில் புதுப் பருத்திக் கயிறு. நார்க் கயிறு பிள்ளைக்கு உறுத்தும் என்று இதற்கென்றே வாங்கி வந்திருக்கிறார். ஏணியில் ஏறி, உத்தரத்தில் கயிற்றை மாட்டி, அவருடைய முடிச்சு ஒன்றைப் போட்டார். போட்டதோடு விடவில்லை. வெற்றிலைச் செல்லத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பருத்த உடம்பு முழுவதையும் கயிற்றில் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை ஆடிப் பார்த்தார். வீடே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பீங்கானுக்குக்கூட அத்தனை கவனமாக அவர் முடிச்சுப் போட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையைப் போடலாம் என்று பகவதியிடம் தலையை ஆட்டினார். அதற்குப் பின்னால் எங்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் அந்த முடிச்சை நம்பித்தான் உறங்கினார்கள்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவருக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போல இருந்தது. வாசல் வரை கூடவே போய், அன்றைக்கு எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது, இனி இந்த வீட்டில் சண்டை என்ற பேச்சுக்கே இடம் இல்லை அண்ணாச்சி என்றேன்.

தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டே அவர் சொன்னார்:

"அதைத் தங்கச்சி சொல்லட்டும்."