தண்ணி விட்டாச்சா?

அன்றைக்கு அடித்த மூன்றாவது இரும்பு பீரோ கதவிலும் கொப்புளம் வந்துவிட்டது. வெள்ளைப் பெயின்ட் முழுக்க அம்மை போட்ட மாதிரி.

"காத்தண்ணே, உங்க காத்துல தண்ணி வருது. நான் பெயின்ட் அடிக்கிறேனா, மழை அடிக்கிறேனா?" என்று பெயின்டர் ஸ்ப்ரே துப்பாக்கியை உதறினான்.

பட்டறைக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசரை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்வதால் அவர் காத்தண்ணன். சொந்தப் பெயர் அவருக்கே லேசாக மறந்துகொண்டு வந்தது. கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டால் போதும், கண் பாதி சொக்கிவிடும். அது இரைவதில்லை, தாலாட்டுகிறது என்பது அவர் கட்சி.

மேனேஜர் வந்து கதவைத் தடவிப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள ஒரு கதவாவது வழவழன்னு வரணும். இல்லேன்னா உங்க கிழட்டு மெஷின் காயலான் கடைக்கு, நீங்க பேக்கிங்குக்கு."

காத்தண்ணன் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். கதவுகளுக்கு அட்டை சுற்றிக்கொண்டு, ஒரு தாலாட்டும் இல்லாமல் மனுஷன் எப்படி உட்கார்ந்திருப்பது?

காற்றை அழுத்தினால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகி டாங்கின் அடியில் தேங்கும். தினமும் அடியிலுள்ள குழாயைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். அந்த வேலைக்குப் போன வாரம்தான் ஓர் அக்கா மாற்றலாகி வந்திருந்தார். அவருக்காகக் காத்தண்ணன் டாங்கின் மேல் சாக்கட்டியால் எழுதியே வைத்திருந்தார்: "காலையில் தண்ணி விடவும்."

"அக்கா, தண்ணி விட்டாச்சா?"

"அப்பவே விட்டாச்சுண்ணே!"

எட்டிப் பார்த்தார். தரை நனைந்து கிடந்தது.

"அடேங்கப்பா, இவ்வளவு தண்ணியா உள்ள இருந்தது!" என்று மலைத்துப்போய், 'காலையில்' என்பதை அழித்துவிட்டு 'மணிக்கொரு தரம்' என்று எழுதினார்.

நான்காவது கதவில் கொப்புளம் பட்டாணி அளவுக்கு வந்தது. 'கால் மணிக்கொரு தரம்' என்று மாற்றினார்.

"இடுப்பு ஒடியுதுண்ணே," என்றார் அக்கா.

குழாய் திருகுவதற்கு இடுப்பு எதற்கு ஒடிய வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. குனிந்து திருக வேண்டியிருக்கிறதே, பாவம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

சூடான மெஷினைச் சுற்றி ஈரத் தரையிலிருந்து ஆவி எழுந்தது. மெஷின் அதையும் சாவகாசமாக உள்ளே இழுத்துக்கொண்டது. ஜன்னல் வெயில் புகைபோல அறைக்குள் மிதந்தது. காத்தண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் சொக்கியது. வெள்ளைக் கதவுகள் ஒவ்வொன்றாக மேகத்தில் மிதந்து வந்தன, ஒரு கொப்புளமும் இல்லாமல். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். எல்லாவற்றுக்குள்ளும் அவருடைய மெஷின் தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஈரம் வழிந்தது. அதுவும் காற்றிலிருந்து வந்ததுதான் என்று நினைத்துக்கொண்டார்.

"காத்தண்ணே! எழுந்திரிங்க! துப்பாக்கியில பெயின்ட்டே வரலை, இப்ப குளிக்கவே செய்யலாம்!"

கடைசிக் கதவிலிருந்து பெயின்ட் பால்போல வழிந்து தரையில் குளமாக நின்றது. மேனேஜர் அதைத் தாண்டி வந்தார்.

"போதும். நிறுத்துங்க."

காத்தண்ணன் சுவிட்சை அணைத்தார். இருபது வருடத் தாலாட்டு மெல்ல இறங்கி நின்றது. டாங்கின் வெதுவெதுப்பான வயிற்றில் கை வைத்தார். "இவ்வளவு தண்ணியை எங்கேடா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று கேட்டபோது அழுகையே வந்துவிட்டது.

ஆவி விலகியது. அக்கா வந்து நின்றார், இடுப்பில் தளும்பத் தளும்ப ஒரு குடம்.

"தோட்டத்துல பத்து வருஷம் தண்ணி விட்டிருக்கேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை. ஒரு வாரமா இந்த டாங்கைச் சுத்தி ஊத்தோ ஊத்துன்னு ஊத்துறேன், ஒண்ணுமே முளைக்கலையே. அப்படி என்ன விதைண்ணே போட்டீங்க?"