மூலை போல்ட்

“சார், எனக்கு டிபார்ட்மென்ட் மாத்திக் கொடுங்க.”

வேலையில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், கைக்கு வந்த வேலையை வாயால் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம்.

வடிவமைப்புப் பிரிவில் பம்ப் வரைந்துகொண்டிருந்தவளுக்குச் சோதனைப் பிரிவுக்குப் போக ஆசை. ஏன் என்றார் மேனேஜர். நெட்டை மனிதர், நாற்காலியையும் தன் உயரத்துக்கு ஏற்றிவைத்திருந்ததால் கேள்விகள் கூரையிலிருந்து விழும்.

“உற்பத்தியில கண்ணை மூடிக்கிட்டு வேலை செய்யறாங்க சார். நான் வரையறது ஒண்ணு, செஞ்சு வர்றது ஒண்ணு.”

“அப்ப நீங்களே போய்ப் பாருங்க.”

மறுநாளே உற்பத்தியில் போட்டுவிட்டார். அங்கே பம்ப் மூடியின் மூலையிலிருந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டவே இல்லை. எந்தப் புண்ணியவான் வரைந்தது என்று ஃபிட்டர் கேட்டார். புண்ணியவதி இருமினாள். திருத்தச் சொல்லி வடிவமைப்புக்கு ஓடினால், அவள் இடத்தில் உற்பத்தியிலிருந்து மாற்றப்பட்ட இன்ஜினியர்.

“வரைஞ்சவங்க கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சிருப்பாங்க,” என்றார். அதற்குமேல் அசையவில்லை.

வேறு வழியின்றி அரைகுறையாக முடுக்கியே பம்புகளை அனுப்பினாள். சோதனைப் பிரிவு அத்தனையையும் திருப்பியது. குறை கண்டுபிடிப்பதே அவர்களுக்குப் பிழைப்பாகிவிட்டது என்று மேனேஜரிடம் பொரிந்தாள்.

“அப்ப நீங்களே போய்ப் பாருங்க.”

ஆசைப்பட்ட சோதனைப் பிரிவு கிடைத்தது. அவள் முடுக்கிய பம்புகளை அவளே திருப்பினாள். நேற்றுவரை அக்கா, அக்கா என்ற உற்பத்திப் பிரிவு ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மனசு இளகிச் சிலதை விட்டாள். அவை வாங்கியவர்கள் வீட்டில் போய் ஒழுகின. பழுதுபார்க்கும் பிரிவு எதற்குத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சமையலறையில், முழங்கால் நனைய, அதே மூலை போல்ட்டோடு மல்லுக்கு நின்றாள்.

ஈர உடையோடு நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

“ஆளை மாத்தறீங்களே, அந்த போல்ட்டை மாத்தணும்னு உங்களுக்குத் தோணுச்சா? இந்தக் கம்பெனியிலேயே வேலை தெரியாத ஆள் நீங்கதான். எனக்கு இந்த வேலையே வேண்டாம்.”

அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுவரை முடிவு செய்தாகிவிட்டது. மேனேஜர் ஏனோ நிம்மதியாகச் சிரித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பைக்குள் போட்டார். அவள் வெளியேறினாள்.

வாசலில் பியூன் ஸ்பேனரோடு எழுந்து நின்றார்.

“சாரும் பழைய மேனேஜரை இப்படித்தாம்மா திட்டினாரு. நாற்காலியை எவ்வளவு இறக்கட்டும்?”