முப்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம்

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பும் பாசமும் மிகுந்த மச்சான் ரெஜிக்கு உன் அக்காள் புருஷன் இன்னாசி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் ஜானட்டும் உன் மருமகள் அனிஷாவும் அந்தோணியார் புண்ணியத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். பேச்சுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, கீழே படித்தால் புரியும். மஸ்கட்டில் நீயும் உன் மனைவியும் பையன்கள் இரண்டு பேரும் அதே மாதிரி தடங்கலில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போன் போட்டால் தீர்ந்தது, இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். மச்சான், நான் போனை எடுத்தே பத்து நாளாகிறது. ஆள் கண்ணுக்குத் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. துறைமுகத்தில் கிரேன் மேலே உட்கார்ந்திருக்கும்போது வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் பேசினால்கூட, கீழே எட்டிப் பார்த்து அவர் வாய் அசைகிறதா என்று உறுதி செய்த பிறகுதான் கண்டெய்னரைத் தூக்குகிறேன். இதற்கெல்லாம் காரணம் நீ அனுப்பிய வீடியோ.

அதுதான், காட்டுப்பள்ளி தாண்டிப் பழவேற்காடு போகிற பக்கம் கட்டியிருக்கிற முத்துக்கரை கார்டன் சிட்டி. உள்ளேயே பள்ளிக்கூடம், பூங்கா, ஏரி, சுத்தமான காற்று, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு எடுத்துவிடலாம், நானும் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று நீ பாட்டுக்கு எழுதிவிட்டாய். உன் அக்காள் அந்த வீடியோவை மாதாவுக்கு ஜெபமாலை சொல்வது போலத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் மேலும் தப்பில்லை. அனிஷாவுக்கு இந்த வருஷம் இழுப்பு அதிகமாகிவிட்டது. எங்கள் தெருவில் கண்டெய்னர் லாரி போகாத நேரமில்லை, வடக்கே எண்ணூரிலிருந்து காற்றடித்தால் துணி காயப்போட்ட கொடியில் சாம்பல் காய்கிறது, பிள்ளை நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு நின்று மூச்சு வாங்குகிறாள். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு. "யோவ், புள்ளய வச்சிகினு இன்னும் எத்தினி நாளு இந்தப் பொகைக்குள்ள குந்திகினு இருக்கறது, போய்ப் பாக்கறதுக்கு இன்னா கேடு?" என்று அவள் ஒரு சத்தம் போட்டாள், நான் லீவு போட்டுவிட்டு மூன்று பேருமாகக் கிளம்பினோம்.

வாசலில் சங்கமித்ரா என்று ஒரு பெண், கம்பெனி ஆள், கழுத்தில் அட்டை தொங்க எங்களை வரவேற்று பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டாள். மச்சான், ஊர் அழகு, அதை மறுக்க மாட்டேன். தெருவெல்லாம் கோடு போட்ட மாதிரி, வீடெல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அச்சு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஜோடி செருப்பு. நான் முதலில் சந்தோஷப்பட்டேன், பரவாயில்லை, ஜனம் குடிவந்துவிட்டது என்று. நாலு வீடு தாண்டினதும்தான் பார்க்கிறேன், எல்லா வாசலிலும் அதே பழுப்புச் செருப்பு, அதே அளவு, ஒன்றில்கூடக் கால் நுழைந்த தடம் இல்லை. "இன்னாமா இது, ஊரு முச்சூடும் ஒரே ஆளா கீறான்?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "சும்மா ஒரு ஃபீலுக்காக வச்சிருக்கோம் சார். வர்ற ஃபேமிலிக்கு வெறிச்சுன்னு தெரியக்கூடாது இல்லையா" என்றாள். மரத்துக்கு மரம் குயில் கூவியது. ஒரு குயில் பாதியில் விக்கி, விக்கின இடத்திலேயே திரும்பத் திரும்ப விக்கிக்கொண்டு நின்றது. சங்கமித்ரா இறங்கிப்போய்ப் புதருக்குள் இருந்த ஸ்பீக்கரை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்தாள். உன் அக்காள் என்னைப் பார்க்கவே இல்லை. வீட்டை எடுப்பதென்று அவள் தீர்மானம் பண்ணிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வராந்தாவில் நடக்கும்போதே உள்ளே மத்தியான ஆஜர் எடுக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, "உள்ளேன் டீச்சர்", "உள்ளேன் டீச்சர்" என்று பிள்ளைகள் குரல். ஒன்று கீச்சுக் குரல், ஒன்று தொண்டை கட்டினது, ஒன்று தூக்கக் கலக்கம், ஒரு பையன் திக்கித் திக்கிச் சொன்னான், ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். ஜானட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, கிளாஸ் நெறய புள்ளைங்க கீதுங்க" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். அப்படியே வாசலுக்கு வந்து உள்ளே பார்த்தோம். முப்பது பிள்ளைகள் உட்காரும்படி பெஞ்சு. முன் பெஞ்சில் ஒரே ஒரு பெண் குழந்தை. ரெட்டைச் சடை, கைகட்டி உட்கார்ந்திருக்கிறது. டீச்சர் "அஜின்" என்றார். அந்தக் குழந்தை திரும்பாமல், அசையாமல், முரட்டுப் பையன் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்றது. "ஜோபின்" என்றார். பிறகு அதே குழந்தை தன் சொந்தக் குரலில் மெதுவாக, "ஜோபினுக்கு இன்னும் காச்ச விடல டீச்சர்" என்றது. டீச்சர் "ப்ச்" என்று அனுதாபத்தோடு குறித்துக்கொண்டார்.

டீச்சர் பேர் மங்கம்மா, நல்ல மனுஷி, எழுந்து வந்து விளக்கம் சொன்னார். "வூடு புக் பண்ணவங்க புள்ளைங்க பேரெல்லாம் ஏத்திட்டாங்க சார், ஒருத்தரும் இன்னும் குடி வர்ல. பேரு இருந்தா கூப்ட்டுத்தான் ஆவணும். கூப்ட்டு யாரும் பேசலைன்னா எனக்கே ஒரு மாதிரி ஆயிடும். ஒரு நாளு இந்தப் பாப்பாவே எல்லாருக்கும் சொல்ட்டுச்சு, அதுலேர்ந்து அப்படியே ஓடுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அஜின்தான் சார் ரொம்பப் பேச்சு, பின்பெஞ்சுல போட்டு வச்சிகிறேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே ஒரு தரம் பின்பெஞ்சைப் பார்த்து முறைத்தார். நானும் பார்த்தேன் மச்சான். என்ன சொல்ல, பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்தக் குழந்தை பேர் ராமசெல்வி. அப்பா உச்சிமாகாளி, திருநெல்வேலிப் பக்கத்து ஆள், தண்டையார்பேட்டையில் மிளகாய்வற்றல் மொத்த வியாபாரம். ஊருக்கு முதல் ஆளாக வீடு வாங்கிக் குடிவந்தவர் அவர்தான், கடைசி ஆளும் இதுவரை அவர்தான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விடிந்தால் கடைக்குப் போய் இருட்டினால் வருகிறார்கள். நடுவில் இந்தக் குழந்தைக்கு ஊர் முழுக்கச் சொந்தம், பேச ஆள் மட்டும் கிடையாது. அனிஷாவைப் பார்த்ததும் அது எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே நின்று, சாமான் வாங்குகிறவர்கள் மாதிரி சட்டையைத் தொட்டுப் பார்த்து, "நீ நெசமாவே இருக்கியாட்டி?" என்று கேட்டது. அனிஷா கெக்கலி கொட்டிச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் கை கோத்துக்கொண்டு ஒளிந்து விளையாட ஓடிவிட்டன. சங்கமித்ரா ஜானட்டை ஆபீசுக்கு அழைத்துப் போனாள். நான் ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தங்கிவிட்டேன். இழுப்புக்கு அடிக்கிற மருந்து ஜானட் பையிலேயே போய்விட்டது. யாருக்கும் அது தோன்றவில்லை.

ஏரி தொட்டி அளவுதான் இருந்தது, சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டேன். திரும்பி வந்து "அனிஷா!" என்று குரல் கொடுத்தேன். "இங்கதான் நைனா கீறேன்" என்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. உள்ளே போனால் ஆள் இல்லை. வெளியே வந்து கூப்பிட்டால், "இங்கதான் நைனா கீறேன்" என்று எதிர் வரிசை வீட்டிலிருந்து. அங்கே போனால் அங்கேயும் இல்லை. நல்ல வெயில், எல்லாத் தெருவும் ஒரே தெரு, எல்லாக் கதவும் திறந்த கதவு. விளையாடுகிறாள் என்று நானும் சிரித்துக்கொண்டே தேடினேன். அவள் ஓடியாடினால் நான் எப்போதும் எண்ணச் சொல்வேன், எத்தனையில் நிற்கிறாள் என்று பார்த்து இழுப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. ஏழு, எட்டு, மிஞ்சினால் ஒன்பது. அந்தப் பழக்கத்தில், "போதும் பாப்பா ஓடனது, இருபது வரிக்கும் எண்ணு, நைனா கேக்கறேன்" என்றேன். குரல் எண்ண ஆரம்பித்தது. என் மகள் குரல், ஒரு இம்மி மாற்றமில்லை. ஏழு சொன்னது, எட்டு, ஒன்பது, பத்து. என் சிரிப்பு நின்றுவிட்டது. பதினொன்று, பன்னிரண்டு, நிற்கவே இல்லை மச்சான், ஒரு இடத்தில்கூட மூச்சு எடுக்காமல், ஆரோக்கியமான பிள்ளை மாதிரி கணீரென்று இருபது வரைக்கும் எண்ணி முடித்து, "போதுமா நைனா?" என்று கேட்டது.

அது என் பிள்ளை இல்லை. தெருநடுவில் நின்றபடி "யாரு நீ?" என்று கத்தினேன். குயில்கூட நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து ராமசெல்வி வெளியே வந்தது. சொந்தக் குரலில், "மாமா, அவளுக்கு மூச்சு முட்டுது. நான் கூப்ட்டாலும் பேச மாட்டேங்கா" என்றது. "அப்ப நீ இன்னாத்துக்கும்மா அவள மாரி பேசன?" என்றேன். அந்தக் குழந்தை என்னை நேராகப் பார்த்து, "நீங்க கூப்ட்டியள்லா? பதில் சொன்னா ஆள் இருக்குன்னுதான அர்த்தம்? அவ போயிரக்கூடாதுன்னுதான் சொன்னேன்" என்று அழுதது.

அனிஷா புதிதாகப் பெயிண்ட் அடித்த வீட்டில் அலமாரி இடுக்கில் ஒளியப்போய், அந்த நெடியில் இழுப்பு வந்து சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். தோள் மேலே மேலே ஏறுகிறது, உதடு நீலம் பாரித்துவிட்டது. எண்ணூர்ப் புகை தாங்கின பிள்ளை, சுத்தமான காற்றுக்கு விளம்பரம் போட்ட ஊரில் இப்படிக் கிடக்கிறாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடுவது? ஆபீஸ் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, வெள்ளை வீடும் பழுப்புச் செருப்புமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது, கத்தலாம் என்றால் பயத்தில் எனக்கே குரல் எழும்பவில்லை, "ஜானட்டு, பை" என்று முனகத்தான் முடிந்தது. ராமசெல்வி ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு முன்னால் பறந்து ஓடிக்கொண்டே, "ஏய் ஜானட்டு! பையை எட்தாடி! புள்ளைக்கு இழுக்குதுடி!" என்று கத்தியது. என் குரல், மச்சான். இருபத்தைந்து வருஷம் பீடி பிடித்த என் தொண்டை. நான் வாயை மூடிக்கொண்டு ஓட, என் குரல் எனக்கு முன்னால் தெருமுனை திரும்பிப் போகிறது. நான் செத்துவிட்டேனோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அடுத்த முனையில் உன் அக்காள் பையோடு ஓடி வந்தாள். மருந்தை அடித்தாள், இன்னொரு தரம் அடித்தாள். தெருவிலேயே உட்கார்ந்து பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டோம். கொஞ்சம் கொஞ்சமாக உதடு நிறம் திரும்பியது. ராமசெல்வி தள்ளி நின்று, அனிஷா விடுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் தானும் கூடவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் உன் அக்காள் முதலில் என் மேல்தான் பாய்ந்தாள். "நாலு பேரு இருக்கற எடத்துல இன்னாயா டீ போட்டுக் கத்தற?" நான் கத்தவே இல்லை என்று சத்தியம் செய்தேன், இன்றுவரை நம்பவில்லை. நாலு பேர் எங்கே இருந்தார்கள் என்று நான் கேட்கவும் இல்லை. சங்கமித்ரா ஓடி வந்து தண்ணீர் கொடுத்து, "ஹாஸ்பிட்டல் ஃபேஸ் டூல வருது சார்" என்றாள். நாங்கள் கிளம்பும்போது ராமசெல்வி கேட் வரைக்கும் வந்தது.

ஆகையால் மச்சான், என் முடிவைக் கேட்டுக்கொள். புகையோ தூசியோ, மனுஷன் வாயிலிருந்து மனுஷன் குரல் வருகிற ஊர் இது. நான் ராயபுரத்தை விட்டு நகர மாட்டேன். நீயும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. ஜானட்டும் சரி என்றுவிட்டாள். உன் வீட்டுக்காரிக்கு எங்கள் அன்பு. பையன்கள் இருவர் நெற்றியிலும் எங்களுக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. மாதா உங்கள் நால்வரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா
இன்னாசி

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபாலில் போடப் போகும்போது, கம்பெனி ஆபீசில் நம்பர் வாங்கி உச்சிமாகாளி போன் போட்டார். ஜானட் எடுத்து ஸ்பீக்கரில் வைத்தாள். அனிஷாவின் உடம்பை விசாரித்துவிட்டு அந்த மனுஷர் சொன்னார்: நாங்கள் வந்துபோன மறுநாளிலிருந்து ராமசெல்வி மற்றவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டதாம். மங்கம்மா டீச்சர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக் காத்திருக்கிறாராம், ஒரு சத்தமும் இல்லையாம். "அவங்க யாரும் இல்ல டீச்சர், நான் மட்டுந்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறதாம். அதற்குள் அனிஷா உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். "அந்தப் புள்ள தனியா கீது நைனா, வா போலாம்" என்கிறாள். பெயிண்ட் நெடி போனபிறகு அந்தக் காற்று இவளுக்கு நல்லதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். உன் அக்காள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். எனவே மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டை உடனே சொல்லிவை, பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வந்து சேர். இரண்டே பிள்ளைகள் என்றால் ஒளிந்துதான் விளையாடுவார்கள், அந்த விளையாட்டை இன்னொரு தரம் என்னால் தாங்க முடியாது. நாலு பேர் ஆகிவிட்டால் கண் முன்னால் கேரம் ஆடச் சொல்லலாம்.