முழங்காலும் முட்டைக்கோஸும்

சனிக்கிழமை ஊருக்குத் திரும்புவதில்லை என்று ஓய்கேன் ஹெபர்லே சபதம் எடுத்தார். எடுத்த இடம், ஹாம்பர்க் துறைமுகப் படகின் மேல்தளம். எடுத்த விதம், மனசுக்குள். வாய்விட்டு எடுத்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ரோஸ்வித்தாவின் காதில் விழுந்திருக்கும்.

ஓய்கேனுக்குப் பெயரில் மட்டும்தான் ஓய்வு. தெற்கே, மலைமேல் ஒரு குட்டிக் கிராமத்தில் வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். அதே சாலை, அதே வளைவு. வளைவில் தினமும் ஒரு பசுமாடு குறுக்கே வரும். வருஷங்கள் போகப் போக மாடு மட்டும் மாறும். அப்படிப்பட்டவரைத்தான் ரோஸ்வித்தாவின் சித்தி மகள் வீப்கே ஹாம்பர்குக்குக் கூப்பிட்டாள். அவள் தன் மகளோடு இருக்கப் போர்ச்சுகல் போகிறாளாம். ஹாம்பர்கின் ஆல்டோனா பகுதியில் அவளுடைய மூன்றாம் மாடி வீடு பூட்டித்தான் கிடக்குமாம்.

"ரெண்டே வாரம்," என்று ரோஸ்வித்தா அன்றைக்கே சொல்லிவிட்டாள். "அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கணும்."

"ரெண்டு வாரமா! ஒரே ஊர்ல அவ்ளோ நாள் என்னத்தப் பாக்கறது?" என்று முனகிக்கொண்டேதான் ஓய்கேன் ரயில் ஏறினார்.

வந்தார். கப்பலைப் பார்த்தார். ஆள் மாறிப்போனார்.

கப்பலா அது? அவருடைய கிராமத்தைத் தேவாலயத்தோடு பெயர்த்து அதில் ஏற்றினாலும், மாடு மேய ஒரு மூலை மிச்சமிருக்கும்! காலையில் எழுந்ததும் படகு. பகலில் செங்கல் கிடங்குகளுக்கு நடுவே வாய்க்கால் வாய்க்காலாக நடை. சாயங்காலம் ஆற்று மணலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கப்பல் எண்ணுதல். எதிரே வருகிறவர்கள் எல்லாம் "மொய்ன்" என்று வணக்கம் சொன்னார்கள். நம் பக்கம் மொய் வைத்தால் எழுதிக்கொண்டுதான் திருப்பி வைப்பார்கள். ஓய்கேன் சுடச்சுடத் திருப்பி வைத்தார். நாய்க்குக்கூட ஒரு மொய்ன் வைத்தார்.

ஒரே ஒரு கஷ்டம், அது ரோஸ்வித்தாவுக்கு. பேருந்தை விட்டு இறங்கிய பிறகும் ஓய்கேனுக்குள் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். "இடப்பக்கம் பாலம்! வலப்பக்கம் கிடங்கு! அடுத்து காப்பி, நிக்கறது பத்தே நிமிஷம்!" ரோஸ்வித்தா பின்னால் ஓடுவாள். அவள் ஒரு கடை ஜன்னலில் கண்ணை வைத்தால் போதும், "வண்டி கிளம்பிருச்சு!" என்பார்.

இந்த ஊரை விட்டுப் போவதா? மாட்டார். ஆனால் மனைவியிடம் வாயைத் திறந்து கேட்கவும் மாட்டார். கேட்டால் அவள் கை ஓங்கிவிடும் என்று பயம். அது கல்யாணத்தன்றே ஓங்கிவிட்டது என்பது ஊருக்கே தெரியும், அவரைத் தவிர.

வெள்ளிக்கிழமை பெட்டி வெளியே வந்தது. மாடிப்படியில் தடதடவென்று ஒரு சத்தம். பின்னாலேயே ஒரு "ஐயோ!"

"என்ன ஆச்சு ஓய்கேன்?"

"முழங்கால்! போச்சு! அவ்ளோதான்!"

"எந்த முழங்கால்?"

"வலது... இல்ல, இடது... ரெண்டுந்தான்!"

"ரெண்டுமா? அப்ப இப்ப நிக்கறது யாரு கால்ல?"

ஓய்கேன் சட்டென்று படியில் உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு டோர்த்தே கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்காலை அமுக்கினார். ஓய்கேன் அலறினார். கையை எடுத்தார். அப்போதும் அலறினார்.

"ரொம்ப மோசம்," என்றார் டோர்த்தே, ரோஸ்வித்தாவைப் பார்த்துக்கொண்டே. "படி இறங்கவே கூடாது. பகல்ல கெட்டித் தயிர் பத்து. ராத்திரி முட்டைக்கோஸ் இலையை நசுக்கிக் கட்டணும்."

"ரயில்ல அவ்ளோ நேரம் காலை மடக்கி உக்கார முடியுமா?" என்று ரோஸ்வித்தா கேட்டாள்.

"முடியவே முடியாது!" என்றார் ஓய்கேன். கேள்வி அவரிடம் கேட்கப்படவில்லை.

"அப்ப தங்கிட வேண்டியதுதான்," என்று ரோஸ்வித்தா பெருமூச்சு விட்டாள். "எல்லாம் என் தலையெழுத்து."

அன்றிரவு ஓய்கேன் போர்வைக்குள் சிரித்துக்கொண்டே தூங்கினார். ரயில் போகட்டும். ஒரு நாள் நொண்டினால் போதும், மறுநாளிலிருந்து முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடும். அப்புறம் ஊர் அவருடையது!

விடிந்தது. ரோஸ்வித்தா கண்ணாடி முன்னால் சால்வையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பற?"

"வெளிய."

"வெளியன்னா?"

"வெளியன்னா வெளிய. நீ படுத்துக்கோ. டோர்த்தே வந்து பத்து போடுவாங்க."

சாயங்காலம் அவள் திரும்பியபோது கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"ஓய்கேன், கேளு! தேவாலயக் கோபுரத்து மேல நின்னு ஒருத்தர் எக்காளம் ஊதறார். நாலு பக்கமும் திரும்பித் திரும்பி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அப்புறம் ஆத்துக்கு அடியில ஒரு சுரங்கம். மேல கப்பல், கீழ நான்! அக்கரையில போய் ரொட்டிக்குள்ள மீன் வச்சுத் தின்னேன். வெங்காயத்தோட!"

"எனக்கு?"

"உனக்குக் கஞ்சி. உப்பு கால் வீக்கத்துக்கு ஆகாதாமே."

"வீக்கமே இல்லையே! வலி பாதி போயிருச்சு. நாளைக்கு நடந்து பாக்கறேன்."

டோர்த்தே வரவழைக்கப்பட்டார். தொட்டுப் பார்த்தார். "உள்ள சூடு இருக்கு. ரெண்டு இலை சேத்துக் கட்டுங்க."

நாள்கள் இப்படியே போயின. அவள் மீன்சந்தையைப் பார்த்தாள், ஏரியில் படகு விட்டாள், கடை ஜன்னல் ஒவ்வொன்றின் முன்னாலும் ஆசை தீர நின்றாள். அவர் கூரையைப் பார்த்தார். கூரையில் கப்பல் எதுவும் வரவில்லை. தூரத்தில் சங்கு ஊதும் சத்தம் மட்டும் கேட்கும். ஒவ்வொரு ஊதலுக்கும் முட்டைக்கோஸுக்குள் அவர் முழங்கால் துடித்தது.

ஒருநாள் டோர்த்தேயும் வரவில்லை. ஓய்கேன் கால்சட்டையை மாட்டினார். ராத்திரி கட்டிய இலையைப் பிரிக்கப் பொறுமையில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். ஓடினார். படகு கிளம்புகிற நேரத்துக்கு ஒரே தாவு!

அடடா, அந்தக் காற்று! தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. வளைவைத் தாண்டியதும் வந்தது பாருங்கள் ஒரு கப்பல், வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு! பெட்டிமேல் பெட்டி, பெட்டிமேல் பெட்டி! பூமி அதிர ஒரு ஊதல். ஓய்கேனால் தாங்க முடியவில்லை. இரண்டு கையையும் ஆட்டி, இரண்டு காலாலும் குதித்து, "மொய்ன்! மொய்ன்!" என்று கத்தினார்.

பின்னால் ஒரு சிரிப்பு. திரும்பிப் பார்க்காமலே அடையாளம் சொல்லக்கூடிய சிரிப்பு. மெதுவாகத் திரும்பினார். மூன்று பெஞ்சு தள்ளி ரோஸ்வித்தாவும் டோர்த்தேயும் மீன் ரொட்டி தின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்கேன் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு நழுவினார். அடுத்த துறையில் குதித்தார். வீட்டுக்கு வந்து போர்வைக்குள் விழுந்தபோது நெஞ்சு படகின் இயந்திரம் போல அடித்துக்கொண்டது.

ரோஸ்வித்தா நிதானமாக வந்தாள். சால்வையைக் கழற்றினாள்.

"இன்னிக்குப் படகுல உன்னமாதிரியே ஒரு ஆளப் பாத்தேன்."

"அப்படியா?"

"என்ன குதி குதிச்சார் தெரியுமா! உன்ன நெனச்சுக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு. பாவம், நம்ம ஆளு படுத்த படுக்கையா கெடக்கானேன்னு."

"உலகத்துல ஒரே மாதிரி நெறைய பேர் இருப்பாங்க."

"இருப்பாங்க. ஆனா குதிச்ச குதியில அவர் கால்சட்டைக்குள்ளேருந்து இது விழுந்துச்சு."

பையிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் இலையை எடுத்து, கசங்காமல் போர்வைமேல் வைத்தாள்.

ஓய்கேன் இலையைப் பார்த்தார். இலை அவரைப் பார்த்தது. எழுந்து உட்கார்ந்தார். "சரி, ஒத்துக்கறேன்! எனக்கு இந்த ஊரு பிடிச்சுப் போச்சு. போக மனசில்ல. உன்கிட்ட கேட்டா உருளைக்கிழங்குன்னுவ. அதான் விழுந்தேன்."

"உருளைக்கிழங்கப் பக்கத்து வீட்டுல பாத்துக்கறாங்க. இலையுதிர் காலம் வரைக்கும் இருக்கப்போறோம்னு ஊர்ல பெட்டி கட்டறதுக்கு முன்னாடியே வீப்கேகிட்ட சொல்லிட்டேன்."

"பின்ன ஏன் ரெண்டு வாரம்னு சொன்ன?"

"கோடை முழுக்கன்னு சொல்லியிருந்தா நீ ரயிலே ஏறியிருக்க மாட்ட. ரெண்டு வாரம்னாதான் பத்தலன்னு அடம் பிடிப்ப."

ஓய்கேன் போர்வையை உதறினார். "அப்ப நான் விழுந்ததுகூட உன் திட்டந்தானா?"

"சேச்சே, அத நான் நெனச்சே பாக்கல," என்றாள் ரோஸ்வித்தா, அடுத்த இலையை நசுக்கிக்கொண்டே. "வரைபடம் இல்லாம நான் ஒரு ஊரச் சுத்தினது இதுதான் முதல் தடவை. அது நீயாப் பாத்துக் குடுத்தது."